உடல் எடை கூடுதலாக இருந்தால் ஈறு நோய்ச் சிகிச்சை பலிக்காதா?

கேட்கப்பட்ட கேள்வி இது. வயது 44, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 96 கிலோ. ஈறில் ரத்தக் கசிவும் கடைவாய்ப் பற்களில் லேசான ஆட்டமும் இருந்ததால் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அளந்து பார்த்தபோது பெரும்பாலான இடங்கள் தேறியிருக்கின்றன. பின்பக்கத்தில் சில இடங்களில் மட்டும் 6 மில்லிமீட்டர் ஆழம் அப்படியே நிற்கிறது. எடையைக் குறைத்தால்தான் ஈறு ஆறும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இது உண்மையா, எடை குறையும் வரை அடுத்த கட்டச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். ஈறு ஆறுவதில் உடல் எடைக்கு ஒரு பங்கு இருக்கிறது, அது கற்பனையன்று. ஆனால் எடையைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மேலும், ஆறாமல் நிற்கும் சில பைகளுக்கு எடைதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் வேறு நான்கைந்து காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கியிருக்க வேண்டும். அந்த வேலை நடந்ததா என்பது உங்கள் கேள்வியிலிருந்து தெரியவில்லை.

சிகிச்சையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் எடை எங்கே குறுக்கிடுகிறது என்பதும் விளங்கும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே இயல்பாகவே 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஓர் இடுக்கு உண்டு. நோயில் அது ஆழமாகிப் பையாக மாறுகிறது. பல் மருத்துவர்கள் பாக்கெட் என்று சொல்வது இதைத்தான். அந்தப் பைக்குள் வேரின் மேல் கிருமிப் படலமும் கெட்டிப்பட்ட காரையும் ஒட்டியிருக்கும். கருவியை உள்ளே விட்டு அவற்றை அகற்றுவதுடன் மருத்துவரின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதும், ஈறின் உட்புறத் தோல் மீண்டும் வேரோடு நெருங்கி ஒட்டிக்கொள்வதும் உடல் தானே செய்துகொள்ளும் வேலைகள். எனவே பை எவ்வளவு குறையும் என்பதில் பாதி மருத்துவர் கையில் இருந்தால், மீதி பாதி, அழற்சியை எவ்வளவு விரைவாக உடல் அடக்கிக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது.

கொழுப்புத் திசு குறுக்கே வருவது இந்த இரண்டாம் பாதியில்தான். கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு என்ற எண்ணம் 1990-களில் மாறத் தொடங்கியது. 1993-இல் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கிறது என்று காட்டினார்கள். 1994-இல், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டறியப்பட்டது. உடல் பருமன் கூடும்போது லெப்டினும் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களும் ரத்தத்தில் உயர்கின்றன, அழற்சியைத் தணிக்கக்கூடிய அடிப்போனெக்டின் குறைகிறது, கல்லீரல் சுரக்கும் சி-ரியாக்டிவ் புரதம் கூடுகிறது. காய்ச்சலோ வலியோ இல்லாமல், உடல் முழுவதும் தாழ்ந்த அளவில் அழற்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஈறில் எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டுவதும் இதே டி.என்.எஃப்-ஆல்ஃபாவும் இன்டர்லூக்கின்களும்தான் என்பதால், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடக்கூடும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. இதில் வியப்பான ஒரு திருப்பமும் உண்டு. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்புணவு கொடுத்துப் பருமனாக்கிய எலிகளுக்கு ஈறு நோயின் முக்கியக் கிருமியான போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸைத் தொற்ற வைத்தபோது, ஒல்லியான எலிகளைவிட அவற்றுக்கு அதிக எலும்பு கரைந்தது. ஆனால் அவற்றின் நோய் எதிர்ப்பு அணுக்கள் கிருமியைக் கண்டு எழ வேண்டிய நேரத்தில் மந்தமாகத்தான் எழுந்தன. எப்போதும் கொஞ்சம் எரிந்துகொண்டே இருக்கும் உடல், தேவைப்படும்போது சரியாகப் போரிடத் தடுமாறுகிறது.

மனிதர்களில் எடைக்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியைப் பரவலாகக் கவனிக்க வைத்தது, ஜப்பானில் ஆரோக்கியமான 241 பேரைப் பார்த்துத் தொஷியுகி சைத்தோவும் அவரது குழுவினரும் 1998-இல் எழுதிய ஒரு சிறு கடிதம். அதன் பிறகு நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் வந்துவிட்டன. 2010-இல் அவற்றைத் தொகுத்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு, பருமனாக உள்ளவர்களுக்கு ஈறு நோய் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் (1 என்றால் தொடர்பே இல்லை என்று பொருள்) 1.35 என்றது; 2011-இல் வந்த மற்றொன்று அதை 1.81 என்றது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் தொடர்பு மிதமானது. புகைப்பழக்கமும் கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயும் இந்த வரிசையில் இன்னும் முன்னால் நிற்கின்றன.

ஆனால் நோய் வருவது வேறு, வந்த நோய்க்குச் செய்த சிகிச்சை பலிப்பது வேறு. உங்கள் கேள்வி இரண்டாவதைப் பற்றியது. அங்கே சான்றுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. இங்கிலாந்தில் 260 பேரிடம் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஈறுக்கு அடியில் ஆழ்சுத்தம் செய்து இரண்டு மாதம் கழித்து அளந்தார்கள். பருமனானவர்களுக்கு எஞ்சிய பைகளும் ரத்தக் கசிவும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன; அந்தப் பாதிப்பின் அளவு புகைப்பழக்கம் ஏற்படுத்துவதற்கு ஒப்பானது என்று ஆசிரியர்கள் எழுதினார்கள். இதற்கு மாறாக, பருமனானவர்களும் மற்றவர்களைப் போலவே தேறினார்கள் என்று சொல்லும் சிறிய ஆய்வுகளும் பல இருக்கின்றன. முடிவுகள் இப்படிப் பிரிவதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெரும்பாலான ஆய்வுகளில் சில பத்துப் பேரே இருந்தார்கள், இரண்டு மூன்று மாதங்களுக்குள் கணக்கை முடித்துவிட்டார்கள், சில ஆய்வுகளில் சர்க்கரை நோயாளிகளைப் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது என் கணிப்பு இது: பருமன் சிகிச்சையின் பலனைச் சற்றுக் குறைக்கிறது, ஆனால் இல்லாமல் ஆக்குவதில்லை. வாய் முழுவதற்குமான சராசரியாகப் பார்த்தால் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னத்துக்குள் அடங்கிவிடும். ஒருவருக்கு மற்ற இடங்களெல்லாம் தேறி, கடைவாயில் சில பைகள் மட்டும் 6 மில்லிமீட்டரில் நிற்பதை அந்தப் பின்னத்தால் விளக்க முடியாது. எடை காரணமாக இருந்தால் அது வாய் முழுவதும் தெரிய வேண்டும்.

அப்படியானால் எடை குறைந்தால் ஈறு மேம்படுமா? இதற்கு நேரடியாக விடை தேடிய ஆய்வுகள் கைவிரலில் எண்ணக்கூடியவை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பருமனான 30 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 15 பேர் ஏற்கெனவே எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, கூடுதல் எடையில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இழந்தவர்கள். இரு தரப்புக்கும் ஒரே ஈறு சிகிச்சை கொடுத்துப் பார்த்ததில் எடை இழந்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். 2012-இல் வெளியான இந்த முன்னோடி ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவரான நபில் பிசாடா, 1977-லேயே பருமனான எலிகளில் ஈறு நோய் கடுமையாக இருப்பதைக் காட்டிய இருவரில் ஒருவர். ஒரே கேள்வியை ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகள் விடாமல் துரத்தியிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஸ்பெயினில் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களிடம் செய்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது. ஆயினும் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஆறு மாதங்களில் ஈறு தேறாததையும், சிலருக்குச் சற்று மோசமானதையும் பதிவு செய்த ஆய்வுகளும் இருக்கின்றன. அந்த மாதங்களில் அடிக்கடி சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டியிருப்பது, வாந்தி, ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவை சேர்ந்து வருவதால் அதில் வியப்பில்லை.

இவ்வளவு சான்றையும் எடைபோட்டுப் பார்த்த ஐரோப்பிய ஈறு நோயியல் கூட்டமைப்பின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி, புகையை விட உதவுவதையும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் ஈறு சிகிச்சையின் பகுதியாகவே பரிந்துரைக்கிறது; எடைக் குறைப்பு ஈறுக்கு நன்மை தருமா என்ற கேள்வியை மட்டும் முடிவு சொல்லாமல் திறந்தே விட்டிருக்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டிலும் இதே வேறுபாடுதான். நாளுக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ புகைத்தாலும், மூன்று மாதச் சராசரி சர்க்கரை எனப்படும் ஹெச்பிஏ1சி 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தாலும் நோய் வேகமாக முன்னேறும் ‘சி’ தரத்தில் வைக்கப்படுகிறது. தரத்தை மாற்றும் அந்தப் பட்டியலில் உடல் எடைக்கு இடம் தரப்படவில்லை. எடையைக் குறைக்காமல் ஈறு ஆறாது என்று உறுதியாகச் சொல்வது, துறையின் தற்போதைய அறிவைத் தாண்டிச் சொல்வதாகும்.

எனவே எடைக்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். முதலாவது சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வயிற்றுப் பருமன் 39.5 சதவீதத்தினருக்கு. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பி.எம்.ஐ., அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண், 34 வருகிறது. இந்த அளவில் உள்ள ஒருவருக்கு ஈறு எதிர்பார்த்தபடி ஆறவில்லை என்றால் நான் முதலில் எழுதிக்கொடுப்பது ஹெச்பிஏ1சி பரிசோதனைதான். எடையால் ஈறு கெடுகிறது என்று நாம் நினைக்கும் பல இடங்களில் எடை சர்க்கரையைக் கூட்டி, சர்க்கரைதான் ஈறைக் கெடுக்கிறது. சர்க்கரை இருப்பது தெரிந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவர மருந்து இருக்கிறது. அதற்காக இருபது கிலோ குறையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பெரும்பாலோர் நினைத்துப் பார்க்காத ஒன்று: ரத்த அழுத்த மாத்திரை. கூடுதல் எடை உள்ளவர்களில் பலர் அம்லோடிபின் சாப்பிடுகிறார்கள். அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடிக்க வைத்துப் பல்லின் மேல் வளரச் செய்யும். எலும்பு கரையாவிட்டாலும், ஈறு மேலே உயர்ந்ததாலேயே பை ஆழமாக அளவில் வரும். தடித்த ஈறுக்கு அடியில் துலக்கவும் முடியாது. நீங்கள் எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பெயரோடு பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்ற வேண்டுமென்றால் மாத்திரை எழுதிய மருத்துவர்தான் மாற்ற வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

மூன்றாவது பல்லின் அமைப்பு. கடைவாய்ப் பற்களுக்கு இரண்டு அல்லது மூன்று வேர்கள். எலும்பு கரைந்து அந்த வேர்கள் பிரியும் கவை வெளிப்பட்டுவிட்டால், எவ்வளவு திறமையான கையானாலும் கருவி அதன் எல்லா மூலைக்கும் போய்ச் சேராது. ஒல்லியானவருக்கும் அந்த இடம் முதல் சுற்றில் ஆறுவது கடினம். நல்ல முறையில் செய்த ஆழ்சுத்தத்தில்கூட ஆறேழு மாதங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குப் பைகள்தான் மூடுகின்றன. மீதி நிற்பது சிகிச்சையின் தோல்வியல்ல, அடுத்த கட்டம் தேவை என்பதற்கான அறிகுறி. உங்களுக்கு நின்றிருப்பவை பின்பக்கத்துப் பைகள் என்பதால் என் முதல் சந்தேகம் இங்கேதான் விழுகிறது. அடுத்த முறை போகும்போது, அந்தப் பற்களில் கவை திறந்திருக்கிறதா என்று எக்ஸ்-ரேயைக் காட்டிக் கேளுங்கள்.

புகையும் புகையிலையும் நான்காவது. நீங்கள் குறிப்பிடாததால் இல்லையென்று எடுத்துக்கொள்கிறேன். ஐந்தாவது, தினசரி சுத்தம். பிரஷ் எவ்வளவு நேரம் பிடித்தாலும் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு இடையில் போகாது. நோயால் இடைவெளி விழுந்த இடங்களுக்கு, அந்த இடைவெளிக்குப் பொருந்தும் அளவில் பல்லிடுக்கு பிரஷ் வேண்டும். எந்த அளவு என்பதை மருத்துவர் வாயில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். மறு பரிசோதனையில் பையின் ஆழத்தை மட்டும் அளந்து, பல்லில் எத்தனை பக்கங்களில் படலம் படிந்திருக்கிறது என்று கணக்கெடுக்காமல் விட்டால் பாதிப் பரிசோதனைதான் நடந்திருக்கிறது.

எடையைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டு உடலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. ஆசியர்களுக்குப் பி.எம்.ஐ. 23-லிருந்தே ஆபத்து கூடுகிறது என்று உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 2004-இல் கூறியது. அதே ஆண்டில் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த தம் நண்பர் ஜான் யுட்கினுடன் நிற்கும் படம் ஒன்றை மருத்துவ இதழில் வெளியிட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. சரியாக 22.3, உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எனவே தராசு மட்டும் பார்த்து ‘எனக்கு எடைப் பிரச்சினை இல்லை’ என்று நினைக்கும் ஒல்லியான கைகால்களும் முன் தள்ளிய வயிறும் உடையவருக்கும் மேலே சொன்ன அழற்சிக் கதை பொருந்தும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்புச் சுற்றளவு வரம்பு, ஈறு மருத்துவருக்கும் எடை எண்ணைவிட அதிகம் சொல்கிறது.

எதிர்த்திசையில், ஈறு சிகிச்சையால் எடை குறையுமா என்று சிலர் கேட்கிறார்கள், குறையாது. சர்க்கரைக்குப் பலன் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைகிறது என்கிறது 2022-இன் காக்ரேன் தொகுப்பாய்வு. ஆனால் 2013-இல் அமெரிக்காவில் 514 பேரிடம் செய்த பெரிய ஆய்வில் எந்தக் குறைவும் தெரியவில்லை. அதை விமர்சித்தவர்கள் இரண்டு குறைகளைச் சுட்டினார்கள். ஈறு சிகிச்சை போதிய அளவு நடக்கவில்லை, சிகிச்சைக்குப் பிறகும் படலமும் ரத்தக் கசிவும் மிக அதிகமாக எஞ்சியிருந்தன என்பது ஒன்று. கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் மிகப் பருமனானவர்கள் என்பதால், ஈறிலிருந்து குறைந்த சிறு அழற்சி, கொழுப்பிலிருந்து வரும் பேரழற்சியில் தெரியாமல் அமிழ்ந்திருக்கலாம் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது ஊகம் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது, ஆனால் முதல் குறை அதைவிடக் கனமானது.

இனி நடைமுறைக்கு வருவோம். எஞ்சிய பைகளுக்குச் சிகிச்சையை இப்போதே தொடருங்கள். 4, 5 மில்லிமீட்டர் உள்ள இடங்களில் மறுபடி ஆழ்சுத்தம் போதும். 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் ஈறைத் திறந்து, வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்யும் சிறு அறுவைச் சிகிச்சை பேசப்படும். எடை அதற்குத் தடையல்ல. கட்டுப்படாத சர்க்கரைதான் தடை. ஆன்டிபயாட்டிக் மாத்திரை போட்டு அறுவையைத் தவிர்க்கலாமா என்று கேட்பார்கள். அதை வழக்கமாகக் கொடுப்பதை மேலே சொன்ன வழிகாட்டி பரிந்துரைப்பதில்லை, பருமன் அதற்குத் தனிக் காரணமும் ஆகாது. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் உள்ளவரானால் நாற்காலியை முழுவதும் சாய்க்காமல் பாதி நிமிர்த்தி, நேரத்தைக் குறைத்து இரண்டு அமர்வுகளாகச் செய்யச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்து வாயைத் திறந்தபடி மூச்சுத் திணறுவதைச் சொல்ல வெட்கப்பட்டு, பாதியில் சிகிச்சையையே விட்டுவிடுபவர்கள் உண்டு. இரவில் வாயால் மூச்சு விடுபவர்களுக்கு முன்பற்களின் ஈறு உலர்ந்து சிவந்தே இருக்கும் என்பதையும் மருத்துவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

எடையைக் குறைக்கும் முயற்சியை இதனோடு சேர்த்தே நடத்துங்கள், ஈறுக்காக மட்டும் அல்ல, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இதயத்துக்குமாக. அந்த முயற்சியில் ஈறைக் கெடுக்கும் சில வழிகளைத் தவிர்க்கலாம். பட்டினி கிடந்து பழச்சாறு மட்டும் குடிக்கும் முறையில் புரதமும் வைட்டமின் சியும் குறைந்தோ, சர்க்கரை பல்லை நனைத்துக்கொண்டேயோ இருக்கும். முட்டை, மீன், பருப்பு, கீரை, நெல்லிக்காய், கொய்யா என்று சாதாரணச் சாப்பாட்டில் சோற்றின் அளவைக் குறைத்துப் போவது ஆறும் திசுவுக்கு நல்லது. 2025-இலிருந்து நம் நாட்டில் எடைக் குறைப்புக்கென விற்கப்படும் வாராந்தர ஊசிகளைப் போட்டுக்கொள்பவர்கள், குமட்டலும் வாந்தியும் வந்தால் உடனே பல் துலக்காமல் தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்து, அரை மணி நேரம் விட்டுத் துலக்க வேண்டும். அமிலத்தால் இளகிய பல்லை உடனே தேய்த்தால் தேய்மானம் கூடும். பசியில்லை என்று தண்ணீரையும் குறைத்துவிட்டால் வாய் உலர்ந்து படலம் விரைவில் படியும்.

அடுத்த கட்டச் சிகிச்சை முடிந்த பிறகு, உங்கள் எடை 96 கிலோவில் நின்றாலும் 80-க்கு வந்தாலும், முதல் ஓராண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பையை அளந்து சுத்தம் செய்துகொள்ளுங்கள். அளவுகள் நிலைத்துவிட்டால் இடைவெளியை ஆறு மாதமாக நீட்டலாமா என்பதை அப்போது கையில் இருக்கும் ரத்தக் கசிவுக் கணக்கையும் ஹெச்பிஏ1சி எண்ணையும் வைத்து முடிவு செய்யலாம்.